ஜட்டிக்கு எந்தக் கோர்ட்?

1990இல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஆஸ்திரேலியர் ஒருவர் பிடிபட்டார். ஜட்டிக்குள் 61 கிராம் சொச்சம் ஹஷீஷ். பெரிய குற்றம், ஆகவே செஷன்ஸ் கோர்ட், பத்தாண்டு சிறை. அடுத்த ஆண்டே கேரள உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. சான்றுப் பொருளான அந்த ஜட்டி அவருக்குப் பற்றவில்லையாம்!

கோர்ட் காவலில் இருந்த துணி எப்படிச் சுருங்கும்? வெளியே எடுத்து, வெட்டித் தைத்து, திரும்ப வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1994இல் எஃப்.ஐ.ஆர். சிக்கியவர்கள் கோர்ட் ஊழியர் ஒருவரும், ஆஸ்திரேலியர் தரப்பு இளம் வக்கீல் ஆண்டனி ராஜுவும்.

இனி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். அன்றைய சட்டப்படி கோழி திருடியவனை வாரண்ட் இல்லாமலே அள்ளிக்கொண்டு போகலாம். ஜாமீன் அவன் உரிமையல்ல. வழக்கில் பொய்ச் சான்று புனைந்தவரைத் தொட வாரண்ட் வேண்டும். ஜாமீனோ அவர் உரிமை. அந்தக் குற்றத்துக்குத் தண்டனை ஏழாண்டு வரை. விசாரிப்பவர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட். அவரால் கொடுக்க முடிந்தது மூன்றே ஆண்டு. போதாதென்று தோன்றினால் தலைமை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பிவைக்கலாம். அட்டவணை போட்ட துரை கோழி வளர்த்திருப்பார் போல.

குற்றப்பத்திரிகை வர 2006 ஆனது. வழக்கு நெடுமங்காடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் படுத்துக்கொண்டது. வக்கீல் எம்.எல்.ஏ. ஆனார், 2021இல் போக்குவரத்து அமைச்சரும் ஆனார். அவர் துறையின் ஓட்டை பஸ்கூட நெடுமங்காட்டுக்குப் போய்த் திரும்பியது. இந்த வழக்கு மட்டும் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை.

2023இல் உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. இந்த வகைக் குற்றத்துக்குக் கோர்ட்டே எழுதிப் புகார் தரவேண்டும், போலீஸின் குற்றப்பத்திரிகை செல்லாதாம். 29 ஆண்டு கழித்துத்தான் இது கண்ணில் பட்டிருக்கிறது! 2024 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்து, ஓராண்டுக்குள் முடிக்கச் சொன்னது. தன் அலமாரியிலேயே கைவைத்த குற்றத்தை விசாரிக்க நீதித்துறைக்கு இத்தனை தாழ்வாரம் தேவைப்பட்டது.

இதற்கிடையே பழைய நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. சில்லறைத் திருடனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். பொய்ச் சான்று புனைபவருக்கு ஜாமீன் உரிமையும், மாஜிஸ்திரேட்டின் மூன்றாண்டு வரம்பும் அப்படியே இருக்கின்றன.