ஒன்றே முக்கால் நாழிகை: சென்னை–பெங்களூரு வான்தொலைவு குறித்த ஓர் ஆராய்ச்சி

சென்னையிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரம் என்று வினவினால் தமிழர் எவரும் கிலோமீட்டரில் விடையிறுப்பதில்லை. 'ஃபிளைட்டில் முக்கால் மணி நேரம்' என்றே கூறுவர். நீளத்தைக் கேட்டவருக்கு நேரத்தை அளிக்கும் இவ்வழக்கு, தொண்டையின் வலிமையைக் கொண்டு 'கூப்பிடு தூரம்' அளந்த சமூகத்துக்கு இயல்பானதே. எனினும் அந்த முக்கால் மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை.

வான்தொலைவு என்பது பெருவட்டத் தொலைவு, அதாவது பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு புவிப்பரப்பின்மேல் வரையப்படும் வட்டத்தில் இரு இடங்களுக்கு இடைப்பட்ட வில்லின் நீளம். இக்கணக்குப்படி இப்பயணம் சுமார் 268 கிலோமீட்டர். ரயில் பாதையோ ஏறத்தாழ 360. ஆயினும் அந்த வில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதில்லை, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் செல்கிறது. 2008இல் பெங்களூரு விமான நிலையம் நகருக்குள்ளிருந்து தேவனஹள்ளிக்குக் குடிபெயர்ந்தபோது வான்தொலைவு சில கிலோமீட்டர் குறையவே செய்தது. ஜெயநகரில் மகள் வீட்டுக்குச் செல்லும் பெற்றோருக்கு மட்டும் பெங்களூரு முன்னைவிடத் தள்ளிப்போயிற்று. பெருவட்டக் கணிதத்தில் டாக்ஸிக்கு இடமில்லை.

இனிப் பறக்கும் நேரம். கால அட்டவணை காட்டும் ஒரு மணிக்கு மேற்பட்ட நேரம், சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து மறுமுனையில் மீண்டும் வைப்பது வரையிலானது என்பதால், ஓடுபாதையை நோக்கி ஊர்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். வானில் கழிவது நாற்பது நிமிடமளவே, அதாவது நாழிகைக்கு 24 நிமிடம் என்னும் பழங்கணக்கில் ஒன்றே முக்கால் நாழிகைக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்பாடு. கடல் மைல் ஒன்று 1,852 மீட்டராதலால், 24,000 அடியிலிருந்து இறங்குவதற்கே 133 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பாதி வழி, செலவாகிவிடும். மீதிப் பாதி ஏறுவதற்குப் போய்விடுவதால், இவ்விமானம் பறக்கிறது என்பதைவிட ஏறி இறங்குகிறது என்பதே பொருத்தம். சாண்ட்விச்சின் உறையைப் பிரிக்கும்போதே சீட்பெல்ட் விளக்கு எரிவதன் காரணம் பணிப்பெண்ணின் தாமதமன்று, வடிவகணிதம்.

பெரம்பூரிலிருந்து புறப்படுபவர் மீனம்பாக்கம் சேர ஒரு மணி நேரம், அங்கே காத்திருக்க இரண்டு மணி நேரம், அட்டவணைப்படி ஒரு மணி நேரம், பெட்டி உருண்டு வர அரை மணி நேரம், தேவனஹள்ளியிலிருந்து ஜெயநகர் சேர ஒன்றரை மணி நேரம் என்று கூட்டினால் ஆறு மணி நேரமாகிறது. 2022 முதல் ஓடும் வந்தே பாரத் ரயில் சென்ட்ரலில் ஏற்றியவரைச் சுமார் நாலரை மணி நேரத்தில் பெங்களூருவின் மெஜஸ்டிக்கில் இறக்கிவிடுகிறது என்பதை விமானக் கட்சியினர் மறுப்பதில்லை; பேச்சை மாற்றுகின்றனர்.

அவர்கள் தரப்பில் வலுவான சான்று ஒன்றே உண்டு. பெட்டியின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு, ஊர் திரும்பிப் பல வாரங்கள் கடந்தும் கிழிக்கப்படாமல், கூடத்தில் விருந்தினர் கண்ணில் படும் இடத்தில் நிற்கிறது. ரயில்வே இத்தகைய சீட்டு எதையும் ஒட்டுவதில்லை.