மலையேறிய தற்சார்பு

வெளிநாட்டுத் துப்பாக்கியை முறைப்படி இந்தியாவுக்குள் கொண்டுவருவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. தேசிய அளவில் குறிபார்த்துச் சுட்டுப் பெயர் வாங்கியிருந்தால் போதும். பெயர் வாங்கவே நல்ல துப்பாக்கி வேண்டுமே என்பவர்கள் பொறுமையில்லாதவர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உதிரி பாகத்தையும் ஆயுதமாகவே மதிக்கிறது. குழல் ஒன்று தனியாக வந்திறங்கினாலும் உரிமம், சுங்கம், முத்திரை என்று ராஜ மரியாதைதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன்மலை இந்தச் சிரமத்தை நாட்டுக்கு வைப்பதில்லை. கப்பல் வேண்டாம், ஒரு டாலர்கூட வெளியே போகாது. இரும்புக் குழாயும் மரக்கட்டையும் கைத்திறனும் சேர்ந்தால் நாட்டுத் துப்பாக்கி. தற்சார்புக்கு டெல்லியில் மாநாடு போடுகிறவர்கள் ஒருமுறை மலையேறிக் குறிப்பெடுக்கலாம். காட்டுப்பன்றி இதுவரை யாரிடமும் சான்றிதழ் கேட்டதில்லை.

போலீசார்தான் அவ்வப்போது, உரிமமில்லாதவற்றை ஒப்படைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறார்கள். சேகரிப்பில் அவ்வளவு ஆர்வம்!

அரசும் இந்தத் தொழிலை மறக்கவில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் உள்நாட்டு உற்பத்தியாளருக்கான சலுகையை உயர்த்தியது: உரிமமின்றித் துப்பாக்கி செய்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள் முழுக்க, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். கடலூர் மத்திய சிறை வரை வண்டிச் செலவும் அரசுடையதே.