இன்வெர்ட்டர் சொன்ன நூறு

கேள்வி: ஆடிக் கடைசி வெள்ளியன்று கரண்ட் போகும்போது எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் நூறு சதவிகிதம் காட்டிற்று, முக்கால் மணியில் அணைந்துவிட்டது. பொய் சொல்வது யார்?
– ஒரு வாசகர், இருக்கன்குடி

பதில்: பொய்யன்று, முகஸ்துதி. மின்சாரம் உள்ளவரையில் இன்வெர்ட்டர் சுமார் 13.5 வோல்ட்டைப் பாட்டரிக்குள் செலுத்திக்கொண்டேயிருப்பதால், அப்பொழுது தெரியும் எண் ஊட்டுகிறவனுடைய பலமேயன்றி உண்பவனுடைய பலமன்று. மேலும், 150 ஆம்பியர்-மணி என்று பெட்டியில் பொறித்திருப்பது 7.5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் நிதானமாகச் செலவழிப்பவருக்கான கணக்கு. திருவிழா விருந்தினரை உத்தேசித்து மிக்ஸியையும் தொலைக்காட்சியையும் நான்கு விசிறிகளையும் ஏககாலத்தில் ஓட்டினால் சக்தி அதிவேகமாய்க் கரைவதோடு மொத்தத்திலும் குறைந்துபோகும் என்பதை பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே சூத்திரமாக்கிவிட்டார். (அவர் வீட்டு விருந்தாளிகள் எத்தனை பேரோ!)

இன்வெர்ட்டரை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வளித்தபின் பாட்டரியை அளந்து பாருங்கள்: 12.7 வோல்ட்டை ஒட்டியிருந்தால் க்ஷேமம். பிறகு ஆறு அறைகளின் திராவகத்தையும் ஹைட்ரோமீட்டரால் சோதித்தால், ஒன்றில் மட்டும் அடர்த்தி வெகுவாய்த் தாழ்ந்திருக்குமாயின் குற்றவாளி அதுவே. நீர் குறைந்திருந்தால் நிரப்புங்கள். உங்கள் ஊரில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்துத் தீர்த்தம் பரம பவித்திரமானதே எனினும், பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதுவும் ஆகாது.