கறுப்புக் கோட்டுக்குள் கரைவேட்டி

மந்திரி மேல் ஊழல் புகார் வந்தால் அரசு வக்கீல் முதலில் எதைப் பார்ப்பார்? புகாரை என்று சொல்பவர் இந்த ஊருக்குப் புதுசு. கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பார். சட்டப் புத்தகமெல்லாம் அப்புறம்.

அ.தி.மு.க. ஆட்சியில் உள்ளாட்சி மந்திரியாக இருந்த தொண்டாமுத்தூர் எஸ்.பி. வேலுமணியின் கேஸ் கட்டைப் பிரிப்போம். கோவை, சென்னை மாநகராட்சி டெண்டர்கள் வேண்டியவர்களுக்கே போயின என்று 2018இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. ஐகோர்ட் சொன்ன பிறகு லஞ்ச ஒழிப்புத் துறை ஆரம்பகட்ட விசாரணை நடத்தியது. குற்றம் ஏதுமில்லை என்று 2020 ஜனவரியில் அரசு கோப்பை மூடியது. 2021 மேயில் ஆட்சி தி.மு.க.வுக்கு மாறியது. ஆகஸ்டில் அதே துறை அதே ஆள் மேல் வழக்குப் போட்டு, வீடு வீடாகச் சோதனைக்குக் கிளம்பியது. உள்ளே ரெய்டு, வாசலில் கட்சிக்காரர்களுக்குப் பந்தி. டிவியில் பார்த்தோமே! டெண்டர் மாறவில்லை. துறை மாறவில்லை. மாறியது கரை மட்டும்.

பழைய விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுங்கள் என்றார் வேலுமணி. முடியாது என்றது அரசு. நல்லவர் என்று தாங்களே எழுதிவைத்த சான்றிதழை அந்த நல்லவருக்கே காட்ட மாட்டோம் என்று வாதாடவும் வக்கீல்கள். அவர்களுக்கு நம் வரிப்பணத்தில் பீஸ். கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல 2022 மேயில் சுப்ரீம் கோர்ட்டே வரவேண்டியிருந்தது.

டெல்லி மட்டும் சளைத்ததா? அதே ஆண்டு வேலுமணிக்காகச் சென்னை ஐகோர்ட்டில் வாதாட வந்தவர் எஸ்.வி. ராஜு. மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல். டெல்லி மதுக்கொள்கை வழக்கில் கெஜ்ரிவாலையும் சிசோடியாவையும் விடவே கூடாது என்று அமலாக்கத் துறைக்காக வாதாடியவரும் இவரேதான். மத்திய சட்ட அதிகாரி எப்படிக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஆஜராகலாம் என்று தமிழக அரசுத் தரப்பு பொங்கியது. 1987இல் போட்ட விதி இருக்கிறது: மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஆஜராகக் கூடாது. அனுமதி இருக்கிறது என்றார் ராஜு. முடிந்தது. அ.தி.மு.க. அப்போது பா.ஜ.க.வின் கூட்டணிக் கட்சி என்பதை இங்கே நினைப்பவர்களுக்கு மனசு சரியில்லை.

2022 நவம்பரில் டெண்டர் வழக்கு ரத்தானது. அவர் மேல் இருந்த சொத்துக் குவிப்பு வழக்கு மட்டும் ரத்தாகாமல் தப்பியது. தப்பு நடந்ததா, இல்லையா? அரசு ஒன்றுதான், இரண்டு பதிலையும் அதுவேதான் சொன்னது. ஒன்று பொய். எந்தப் பொய்க்கும் எவர் சம்பளமும் பிடிக்கப்படவில்லை.

கோவையைப் பார்த்தது போதும், கரூருக்கு வாருங்கள். அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்து மந்திரி செந்தில் பாலாஜி. கண்டக்டர், டிரைவர் வேலைக்குக் காசு வாங்கியதாகப் புகார். 2016இல் கரூர் மேடையில் ஸ்டாலினே அவரைக் கிழித்தார். 2018இல் அவர் தி.மு.க.வுக்கு வந்தார், புனிதமானார். 2021 ஜூலையில், சமரசமாகிவிட்டது என்று ஒரு வழக்கை ஐகோர்ட் ரத்து செய்தது. லஞ்சத்தில் சமரசம்! மேல்முறையீட்டுக்கு ஓடியிருக்க வேண்டியது அரசு. ஓடியதோ, வேலை கிடைக்காத ஒருவர். 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் வழக்குக்கு உயிர் கொடுத்தது. அமலாக்கத் துறை பிடித்து 471 நாள் உள்ளே வைத்தது. அதில் பல மாதம் அவர் இலாகா இல்லாத மந்திரி. ஜெயிலுக்குள் ஒரு மாண்புமிகு. ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மறுபடி மந்திரி. பதவியா, ஜாமீனா என்று கோர்ட் கேட்ட பிறகுதான் 2025 ஏப்ரலில் ராஜினாமா.

இதற்கிடையில் அரசுத் தரப்பின் மூளை வேலை செய்தது பாருங்கள். காசு கொடுத்தவர்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2,000 பேருக்கு மேல்! சாட்சிகள் 500. இத்தனை பேரை விசாரிக்க கிரிக்கெட் ஸ்டேடியம்தான் வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் நொந்துகொண்டது. மந்திரியின் ஆயுளுக்குள் வழக்கு முடியாது என்பதை நீதிபதிகளே சொல்லிவிட்டார்கள்.

அந்த 2,000 பேருக்கு ஆஜராக அனுமதி கேட்டு டெல்லிக்கு எந்தக் கடிதமும் போகப்போவதில்லை. பையன் கண்டக்டர் ஆகட்டும் என்று ஒரு காட்டை விற்றவர், வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு பஸ் ஏறி, வக்கீல் பீஸுக்கு மிச்சக் காட்டையும் விற்க வேண்டியதுதான். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கண்டக்டர் எவ்வளவு கொடுத்து ஏறினார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பட்டியலில் இன்னும் இடம் இருக்கிறது.