பேன்ட் பண்டிதர்

அமெரிக்காவின் வடக்கே மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா என்று ஏரிகளை ஒட்டிக் கிடக்கும் மாநிலங்களில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். அங்கே செப்டம்பர் நடுவில் ரஃப்டு க்ரவுஸ் என்கிற காட்டுக்கோழியின் வேட்டைப் பருவம் தொடங்கும். அந்தக் கோழி அரைக் கிலோவுக்குச் சற்று மேல் தேறும். இறகும் எலும்பும் கழித்தால் ஒருவருக்கு ஒரு வேளைக்குக் காணும். அதைத் தேடி முட்புதருக்குள் போக ஒரு பேன்ட் வேண்டும், அது கிழியவே கூடாது என்பதுதான் இவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. துப்பாக்கி அப்பா கொடுத்தது. அதைப் பற்றிக் கேள்வியே இல்லை. நாய் பக்கத்துப் பண்ணையில் குட்டியாக வாங்கியது. அதற்கும் பெரிய விசாரணை நடக்கவில்லை. பேன்ட் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் தனியொரு பல்கலைக்கழகமாகிவிடுவார். துணிக்கடையின் உடைமாற்றும் அறையில் அவரைப் பார்க்க வேண்டும். ஒரு முழங்காலை நெஞ்சு வரை தூக்குவார், குத்துக்காலிட்டு உட்காருவார், பிறகு கார்ச் சாவியை எடுத்துத் தொடையில் சர்ரென்று ஒரு கோடு இழுப்பார். முள்ளுக்குப் பதில் சாவி. கோடு விழுந்தால் பேன்ட் தோற்றது. விழாவிட்டால் விலைச்சீட்டைப் புரட்டுவார். அங்கே அவர் தோற்பார்.

கேலி செய்வது சுலபம், ஆனால் அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. வெட்டிய காட்டில் மறுபடி முளைத்து, கம்பு கம்பாக நெருங்கி நிற்கும் இளம் ஆஸ்பென் தோப்புதான் க்ரவுஸுக்குப் பிடித்த வீடு. அந்த நெருக்கத்துக்குள் பருந்து சிறகை விரிக்க முடியாது. வேட்டைக்காரரும் கையை வீச முடியாது. ஓரங்களில் ஹாதார்ன் மரம், இரண்டு அங்குல முள்ளோடு. கீழே ப்ளாக்பெர்ரிக் கொடி, கொக்கி முள்ளோடு. இவை இயற்கை கொடுத்தவை, பொறுத்துக்கொள்ளலாம். கிழக்கு மாநிலங்களை மொய்த்திருக்கும் மல்டிஃப்ளோரா ரோஜா வேறு கதை. ஜப்பானிலிருந்து 1866-ல் ஒட்டுரோஜாவுக்கு அடிச்செடியாக வந்தது அது. 1930-களில் மண்வளப் பாதுகாப்புத் துறையே, உயிர்வேலியாகவும் இருக்கும், மண் அரிப்பையும் நிறுத்தும் என்று சொல்லி விவசாயிகளை நடச் சொன்னது. காடையும் ஃபெசன்ட்டும் முயலும் ஒதுங்க நல்ல மறைவு என்று வனவிலங்குத் துறைகளும் பின்பாட்டுப் பாடின. இன்று பல மாநிலங்களில் அது சட்டப்படி களை. வேட்டைக்காரர் தேடும் இன்னொரு பறவையான ஃபெசன்ட்டும் உள்ளூர்ப் பறவை அல்ல. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1880-களின் தொடக்கத்தில் கப்பலேற்றி அனுப்பி ஆரிகனில் விட்டது. சீனத்துப் பறவையை ஜப்பானிய முள்ளுக்குள் குடிவைத்துவிட்டு, அதை வெளியே எடுக்க எந்த ஊர்த் துணி தாங்கும் என்று ஆராய்கிறார் நம் பண்டிதர். சிக்கலில் பாதி அரசாங்கம் நட்டது என்பதால் அவருக்கு மானியம் கொடுத்தாலும் தப்பில்லை.

அவருடைய சித்தாந்தம் ஒரே வரி: கனம் கூடினால் ஆயுள் கூடும். அளவுகோலும் கைவசம் உண்டு, பெயர் டெனியர். ஒன்பதாயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். அதாவது 1000 டெனியர் நைலான் நூல் 9 கிலோமீட்டருக்கு ஒரு கிலோ. கணக்கில் பிழையில்லை. பயணப் பைகளுக்கும் இதே துணியைத்தான் போடுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார். பைக்கு நடக்க வேண்டிய அவசியமில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார். பண்டிதர்களுக்குள் நைலானை ஏற்காத சைவப் பிரிவும் ஒன்று உண்டு. அவர்களுக்கு மெழுகு ஏற்றிய பருத்தி. சியாட்டிலில் 1897-ல் தொடங்கிய ஃபில்சன் நிறுவனம் க்ளாண்டைக்குக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கு உடை விற்ற பரம்பரை என்று ஆரம்பித்தால் அவர்களை நிறுத்த முடியாது. அந்தக் கூட்டத்தில் தங்கம் பார்த்தவர்கள் சொற்பம், உடை விற்றவர்களுக்குக் குறைவில்லை என்பது வரலாறு. மெழுகு பேன்ட்டை வாஷிங் மெஷினில் போடக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது மெழுகு பூச வேண்டும். புதிதில் கழற்றி மூலையில் வைத்தால் தானே நிற்கும். குளிர் ஏறினால் முழங்கால் மடிவதற்கு யோசிக்கும். காரில் உட்கார்ந்து எழுந்தால் சீட்டில் முதலாளியின் முத்திரை விழும். வீட்டம்மா அதைக் கராஜைத் தாண்டி உள்ளே விடுவதில்லை, அவரையும் சில நாட்கள் விடுவதில்லை.

இந்தக் கனவாதத்தில்தான் ஓட்டை. பண்டிதர் தூக்கிப்போட்ட பழைய பேன்ட்டுகளை எடுத்துப் பார்த்தாலே தெரியும். முன்தொடையில் வைத்துத் தைத்த கனத்த மேல்துண்டு, சாவிப் பரீட்சையில் தேறிய அதே துண்டு, பெரும்பாலும் அழகாக இருக்கும். போனது கவட்டுத் தையல். அடுத்தது கணுக்கால் உள்பக்கம், பூட்ஸ் ஒன்றோடொன்று உரசுகிற இடம். காரணம் எளிது. விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டக் காலைத் தூக்குகிறோம். நான்கு தையல்கள் கூடுகிற ஒரு புள்ளியில் அத்தனை இழுவிசையும் இறங்குகிறது. மெல்லிய துணி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். விறைத்த துணி கொடுக்காது, பாரத்தை அப்படியே நூலின் தலையில் கட்டிவிடும். ஆக, கனம் கூடக் கூட முள் தோற்கிறது, தையலும் சேர்ந்து தோற்கிறது. இதை அந்த நாட்டிலேயே ஒருவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். நெவாடாவின் ரீனோ ஊர்த் தையற்காரர் ஜேக்கப் டேவிஸிடம், விறகு வெட்டும் கணவருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று ஒரு பெண்மணி கேட்டார். டேவிஸ் இருக்கிற துணியிலேயே தைத்து, இழுபடும் மூலைகளில் மட்டும் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். 1873 மே 20-ல் லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து வாங்கிய காப்புரிமையின் சாரம் அவ்வளவுதான். ஜீன்ஸ் பிறந்த கதையும் அதுதான். பண்டிதர் கேட்க வேண்டிய கேள்விகளும் இந்த வழியில்தான் வரவேண்டும்: கவட்டில் நான்கு தையலும் முட்டிக்கொள்ளாதபடி வைர வடிவத் துண்டு ஒன்று வைத்திருக்கிறார்களா, தையல் இரட்டையா மூன்றா. இதற்குப் பேன்ட்டை உள்புறம் வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். சாவியை வைத்துக்கொண்டு முன்புறத்தையே கீறுகிறவர் இதைச் செய்வதில்லை.

"தையல் தாங்கும் சரி, முள் தொடையில் ஏறினால் தையலா தடுக்கும்?" என்று கேட்பார். நல்ல கேள்வி. அதற்குத்தான் சாப்ஸ் இருக்கிறது: இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் இரண்டு தனிக் குழாய்கள், கவடும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. கிழிய வேண்டிய இடமே இல்லாததால் துணி எவ்வளவு கனமாக இருந்தாலும் பாதகமில்லை. உள்ளே நன்றாகத் தைத்த மெல்லிய பேன்ட் ஒன்று போதும். வேட்டை நாளில் முள்ளுக்குள் நிற்கிற நேரத்தைவிட மரம் ஏற்றிய பழைய வண்டிப்பாதையில் நடக்கிற நேரம் அதிகம். பாதைக்கு வந்ததும் சாப்ஸைக் கழற்றி மடித்துவிடலாம். பனியில் நனைந்தாலும் நனைவது வெளிக்குழாய்தான். பின்பக்கம் காவலில்லையே என்றால், முட்புதருக்குள் பின்பக்கமாக நுழைகிறவர் யாரும் இல்லை. வெளியே வரும்போது சிலர் அப்படி வருவதுண்டு, அது அனுபவத்தில் திருந்தும். இதையெல்லாம் விட்டுப் பழைய ஜீன்ஸே போதும் என்று வாதிடும் சிக்கனக்காரரும் இருக்கிறார். அவர் பக்கம் சாய முடியாது. காலைப் புல்லின் பனியை டெனிம் முழங்கால் வரை குடித்துவிடும், மதியம் வரை விடாது; ப்ளாக்பெர்ரி முள்ளும் அதைக் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை.

கனவாதிகளின் கடைசி அஸ்திரம், "விலை கூடுதல்தான், ஆனால் ஆயுளுக்கும் வரும்" என்பது. பேன்ட் வரும், இடுப்பு வராது. முப்பத்தைந்து வயதில் வாங்கிய மெழுகுப் பருத்தி ஐம்பத்தைந்தில் ஒரு கிழிசலும் இல்லாமல் இருக்கிறது என்றால், அதில் பாதிப் புகழ் அதைப் போட முடியாமல்போன ஆண்டுகளைச் சேரும். இதற்கு மறுப்பாக, நைலான் நடக்கும்போது சலசலக்கும், பறவை கேட்டுப் பறந்துவிடும், மெழுகுப் பருத்தி பேசாது என்பார்கள். சலசலப்பது உண்மை. ஆனால் இப்படிச் சொல்கிறவர்களில் பலர், தோப்புக்குள் நாய் எங்கே நிற்கிறது என்று தெரிய அதன் கழுத்தில் மணி கட்டி அனுப்புகிறவர்கள். கோவில் யானை வருகிற மாதிரி முன்னால் மணியடித்துக்கொண்டு போகிறது நாய். பின்னால் தொடைத்துணியின் ஓசையைக் குறைக்க நூற்றுக்கணக்கில் டாலர் செலவழித்துக்கொண்டு வருகிறார் இவர்.

அந்த நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே முள்ளுக்குள் அது வெறும் தோலோடு போகிறது. சாயங்காலம் வால்நுனியில் ரத்தம், காதுமடல் முழுக்க ஒட்டுமுள். ஸ்விஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் இப்படித்தான் வேட்டைக்குப் போய்த் திரும்பி, தன் பேன்ட்டிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய முள்காய்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார், அதன் கொக்கிகளைக் கண்டார், வெல்க்ரோ வந்தது. பண்டிதர் அந்த இடத்தில் இருந்திருந்தால் முள்காய் ஒட்டாத துணியைத் தேடிக் கடைக்குப் போயிருப்பார். உலகத்துக்கு ஒரு பேன்ட் கூடியிருக்கும்.

இவ்வளவையும் மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், பல இடங்களில் தலையும் ஆட்டுவார். வைரத் துண்டு சரி, மூன்று தையல் சரி, சாப்ஸும் சரி. ஒரே ஒரு இடத்தில் மல்லுக்கு நிற்பார்: கால் நீளம். தரை தட்டுகிற பாட்டம் மடிப்பில்தான் கொடியும் குச்சியும் மாட்டும், கணுக்கால் கிழிசலும் அங்கேதான் ஆரம்பம். பூட்ஸின் கழுத்தை மூடினால் போதும், இரண்டு அங்குலம் வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள் என்றால், பார்ப்பதற்கு நன்றாக இருக்காதே என்கிறார். அந்த ஆஸ்பென் காட்டில் அவரைப் பார்க்க இருப்பது ஒரு நாயும் ஒரு கோழியும். கோழி பார்த்தவுடன் பறந்துவிடுகிறது. நாய் இதுவரை நீளத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை.