கயிற்றை நம்பினார் கைவிடப்படார்

திங்கட்கிழமை காலையில் அந்தக் கல்வி நிறுவனத்தின் வாசலில், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவிக்கு முன்னால் வரிசை நகராமல் நின்றால், முதலில் நிற்பவர் கணினிப் பாதுகாப்புப் பேராசிரியர் என்று அர்த்தம். வலது கட்டைவிரலை வைப்பார். கருவி கீச்சென்று மறுக்கும். ஆள்காட்டி விரலை வைப்பார், அதற்கும் மறுப்பு. வேட்டியில் துடைப்பதுபோல் பேன்ட்டில் துடைத்து, வாயால் ஊதி, இடது கைக்கு மாறி, பத்தும் தோற்ற பிறகு காவலாளி பெருமூச்சோடு நோட்டுப் புத்தகத்தை நீட்டுவார். சனியும் ஞாயிறும் ராமநகரத்துக் கருங்கல்லில் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்?

பேராசிரியருக்கு இதில் அவமானம் இல்லை, உள்ளூர ஆனந்தம். "பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரல் திருடுபோனால் மாற்ற முடியுமா?" என்று அந்தக் கருவி வந்த புதிதில் நிர்வாகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதியவர் அவர். இப்போது வாராவாரம் விரலையே மாற்றிக்கொண்டு வருகிறார்.

இவரைத் தனி ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. இது ஓர் இனம். பெங்களூரில் உண்டு, அமெரிக்காவின் மலையோரப் பல்கலைக்கழக ஊர்களில் இன்னும் அதிகம் உண்டு. நல்ல சம்பளம், நல்ல மூளை, வாரக் கடைசியில் செங்குத்துப் பாறையில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கம். "உங்களுக்கு எதற்கு சார் இந்த வேலை?" என்று கேட்டால் பரம்பரையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசும் வெள்ளைப் பொடியை 1950களில் பாறைக்குக் கொண்டுவந்த ஜான் கில், பின்னாளில் கணிதப் பேராசிரியர். வெடிப்பில் செருகினால் விரிந்து கவ்விக்கொள்ளும் 'ஃப்ரெண்ட்' என்ற கருவியை 1970களில் உருவாக்கிய ரே ஜார்டின், விண்வெளித் துறைப் பொறியாளர். ஆக, படித்தவன் பாறையேறுவது புதிதல்ல. படித்துவிட்டு ஏன் ஏறுகிறான் என்பதற்கு மட்டும் இந்தப் பரம்பரையில் யாரிடமும் பதில் இல்லை.

இந்த இனத்தில் எனக்குத் தெரிந்த மாதிரி, வாசலில் நின்ற அந்தப் பேராசிரியர்தான்; எங்கள் மாடி வீட்டுக்காரர். எதையும் நம்பாமலிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர், சம்பளத்துக்குக் குறைவில்லாமல் நம்பாமலிருக்கிறார். மடிக்கணினிக் கேமராவின் மேல் கறுப்பு டேப். மளிகைக் கடையில் "நம்பர் சொல்லுங்க சார்" என்றால், "பருப்புக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?" கூரியர் பையன் ஓடிபி கேட்டால் அரை மணி நேரப் பாடம், பாவம், அந்தப் பையன் இப்போது பொட்டலத்தை எங்கள் வீட்டில் போட்டுவிட்டு ஓடுகிறான். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை. ஆகவே தண்ணீர் நிற்கப்போகிற செய்தி அவருக்கு மட்டும் வராது. தலை நிறைய ஷாம்பு நுரையோடு பால்கனியில் வந்து நின்று, "கீழே வருதா?" என்று கேட்கும்போது அவருடைய தனியுரிமை பூரணமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும்.

சனிக்கிழமை விடியற்காலை, மாடிப்படியில் இரும்புச் சாமான்கள் குலுங்கும் சத்தத்தோடு அவர் மனைவியின் குரலும் இறங்கி வரும்.

"லொகேஷனையாவது ஷேர் பண்ணிட்டுப் போங்களேன்."

"அதெல்லாம் ஆபத்தும்மா."

"அப்ப அந்தரத்துல தொங்குறது?"

"அங்க ரெண்டு போல்ட் இருக்கு."

இந்த இரண்டு என்ற எண் அவருடைய குலதெய்வம். பாறை உச்சியில் இரண்டு போல்ட். ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் இன்னொன்று தாங்கும். எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது என்பது அவர் துறையின் பால பாடம். வீட்டிலோ காஸ் சிலிண்டர் ஒன்று, ஸ்கூட்டர் சாவி ஒன்று, மின்கட்டணத் தேதி ஞாபகமிருக்கிற ஆளும் ஒன்று. அந்த ஆள் ஒரு வாரம் பிறந்த வீட்டுக்குப் போனபோது முழு அமைப்பும் படுத்துவிட்டது. கருவேப்பிலை கேட்கிற சாக்கில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டார்.

பெங்களூரிலிருந்து 50 கிலோமீட்டர் போனால் ராமநகரம். 1975இல் வெளிவந்த 'ஷோலே'யில் கப்பர் சிங் கொக்கரித்த பாறைகள். ஆட்டோக்காரர்கள் இன்னமும் அந்தப் பெருமையில்தான் இருக்கிறார்கள். கயிற்று மூட்டையோடு இறங்குகிறவர்களைப் படப்பிடிப்புக்கு வந்த சண்டைக் கலைஞர்கள் என்று நினைத்து நல்ல மரியாதை தருகிறார்கள். பக்கத்து ராமதேவர பெட்டாவில் பாறு கழுகுகளுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. கீழே பை காக்கும் பதவியில் போய் உட்கார்ந்த எனக்கு, அவை தலைக்கு மேல் வட்டமிடுவதைப் பார்த்தபோது, இடத்தேர்வு சரிதானா என்று தோன்றியது.

அங்கே நான் பார்த்ததுதான் விசேஷம். கூரியர் பையனை நம்பாத மனிதர், ஆராய்ச்சி மாணவன் ஒருவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஏறுகிறார். சும்மா கொடுக்கவில்லை. இவருடைய இடுப்புப் பட்டையை அவன் இழுத்துப் பார்க்கிறான், அவனுடையதை இவர் இழுத்துப் பார்க்கிறார். எட்டு வடிவ முடிச்சை இருவரும் விரல் வைத்து எண்ணுகிறார்கள். கேரபினர் என்கிற கொக்கிவளையத்தின் பூட்டைத் திருகி, அழுத்தி, மறுபடி திருகி... அதன் முதுகில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்கிறது. 20க்குக் குறையாது, ஏறக்குறைய இரண்டு டன் எடை. "நம்பிக்கை வேற, சோதனை வேற. நான் யாரையும் நம்பல, சோதிச்சேன்" என்றார். அந்த மாணவனின் ஆய்வேடு நான்கு மாதமாக அவருடைய மேஜையில் கிடக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொக்கி எவ்வளவு தாங்கும் என்று பொறித்திருக்கிறார்கள்; மாணவன் எவ்வளவு தாங்குவான் என்று எங்கும் பொறிப்பதில்லை.

பாறையேறிகளுக்குள் ஒரு பேச்சு முறை உண்டு. கூட்டமான பாறையில் யாரோ "ஆஃப் பிலே", அதாவது கயிற்றை விடலாம், என்று கத்த, அது தன் ஆள்தான் என்று எண்ணி இன்னொருவன் தன் கயிற்றை விட்டுவிடலாம். அப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் பெயரைச் சேர்த்துக் கத்த வேண்டும் என்பது வழக்கம். நம் பேராசிரியருக்கு அது போதவில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் கத்தலாமே? எனவே ரகசியக் குறிச்சொல். ஆனால் ஒருமுறை கத்திவிட்டால் அது ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த தடவை செல்லாது. ஆக, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் புதுச்சொல். அன்று காலை 'பூசணிக்காய்' முடிந்து, 'திருவாரூர்' முடிந்து, மூன்றாவது ஏற்றத்தில் உச்சிக்குப் போய், முகமெல்லாம் வியர்வையும் வெள்ளைப் பொடியுமாகத் திரும்பி, "இறக்குப்பா!" என்றார்.

"குறிச்சொல் சார்?"

மேலிருந்து மௌனம்.

"மறந்துடுச்சு. நான்தான்பா, இறக்கு!"

"சந்தேகம்னா மறுக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க. சால்ட்சர், ஷ்ரோடர் கட்டுரை, 1975. போன செமஸ்டர் கேள்வித்தாள்லகூட வந்துச்சு."

பக்கத்துக் கயிறுகளில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். பையனோ கயிற்றை அழுத்தமாகப் பிடித்தபடி, மிகுந்த மரியாதையோடு அடுத்த கட்டத்துக்குப் போனான். "பாஸ்வேர்டு மறந்தா பாதுகாப்புக் கேள்வி கேக்கலாம் சார். என் கைடுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா இருக்கணும். என்னோட மூணாவது அத்தியாயம் எதைப் பத்தினது?"

வெளியாள் உடைத்து உள்ளே வருவதைவிட, உள்ளே இருக்கிறவன் செய்வதுதான் ஆபத்து என்று இத்துறையில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் சில இவரே எழுதியவை. கீழே எங்களுக்குக் கேட்டதெல்லாம், "ப்ரைவசி... சம்பந்தப்பட்ட..." என்கிற முனகல்தான்.

"எல்லா அத்தியாயமும் அதுதான் சார்."

"திங்கட்கிழமை படிச்சுடறேன்!"

"இது சரியான விடை இல்ல சார். ஆனா பரவாயில்ல" என்று சொல்லி, மிக மெதுவாக, பூவை இறக்குவதுபோல் இறக்கினான். அந்த மாணவனுக்கு இப்போது முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. ஆய்வுத்துறையில் அவன் செய்த ஒரே பங்களிப்பு இதுதான் என்றாலும் பட்டம் தகும் என்பது என் கட்சி.

வேலையையும் பாறையையும் இவர்கள் சமன்செய்கிறார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் பாறைக்குச் சென்றால் வேலை நினைப்பு, வேலையில் இருந்தால் மேஜை விளிம்பை விரல் நுனியால் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற நினைப்பு. போதாக்குறைக்குப் பருவமும் சதி செய்கிறது. பாதாமியின் செம்மணற்கல்லில் கை வைக்கத் தோதான காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி. இத்துறையின் பெரிய மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கெடுவும் நவம்பரில், ஜனவரியில் என்று அதே மாதங்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கேதான் ஒரு சந்து கிடைத்தது. அந்தக் கெடுக்களில் பலவற்றுக்கு 'பூமியில் எங்கேனும்' என்று ஒரு நேரக் கணக்கு. உலகின் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சமிருக்கிறவரை அனுப்பலாம். கிரீன்விச்சுக்கு 12 மணி நேரம் பின்தங்கிய அந்த நேரத்துக்குரிய நிலம், பசிபிக் கடலில் பேக்கர், ஹவுலண்ட் என்னும் இரண்டு ஆளில்லாத தீவுகள். அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. மற்ற ஆய்வாளர்கள் இந்த உபரி நேரத்தில் எழுத்துப்பிழை திருத்துவார்கள். நம்மவர் கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணித்து, பாதாமியில் இறங்கி, நண்பகல்வரை ஏறிவிட்டு, தேநீர்க் கடை பெஞ்சில் மடிக்கணினியை விரித்து 5.27க்கு அனுப்புவார். குடும்பமும் கோத்திரமும் உள்ள மனிதர் ஒருவர் ஆளில்லாத தீவின் கடிகாரப்படி வாழ்வதை நான் இவரிடம்தான் பார்த்தேன். ஏதோ ஒரு தடவை சாளுக்கியர் காலத்துக் குரங்கு வம்சத்தில் வந்த ஒன்று, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டதாம். அது ஏறிய வழியில் இவரால் ஏற முடியவில்லை. இதைப் பற்றி மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

மாநாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. பிப்ரவரி வாக்கில் சான் டியேகோவில் நடக்கும் மாநாட்டின் மீது அவருக்குத் தீராத பற்று. ஆய்வுத் தரம்தான் காரணம் என்பார். காரில் மூன்று மணி நேரத்தில் ஜோஷுவா ட்ரீ பாறைகள் இருப்பதும், குளிர்காலம் அங்கே ஏறத் தோதான காலம் என்பதும் தற்செயல். விமான நிலையத்தில் அவருடைய பையைத் திறந்த காவலர் கண்டெடுத்தவை: ஒரு மூட்டை இரும்புக் கொக்கிகள், நீளமான கயிறு, பொட்டலத்தில் வெள்ளைப் பொடி. "என்ன தொழில்?" என்று கேட்டதற்கு, "பாதுகாப்பு" என்றாராம்.

ஊரில் இருக்கிற அம்மாவுக்கு இந்தக் கதைகளில் பாதிதான் தெரியும். அதுவே அவருக்கு அதிகம். "மலை ஏறணும்னா பழனிக்குப் போயேன்டா. புண்ணியமாச்சும் கிடைக்கும். வின்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு. அதுவும் கயிறுதானே?" என்று ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் சொல்லிச் சொல்லி, கடைசியில் பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு அழைத்தும் போய்விட்டார்.

அடிவாரத்தில் பேராசிரியர் ரோப் காரை அண்ணாந்து பார்த்தார். கம்பிவடத்தின் தடிமன் என்ன, எப்போது மாற்றினீர்கள், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று சீட்டுக் கொடுப்பவரிடம் விசாரித்தார். அவர், "முருகன் பார்த்துக்குவான் சார், நகருங்க" என்றார். சோதித்துப் பார்க்க வழியில்லாத எதிலும் ஏறுவதில்லை என்று சொல்லி, மற்றவர்களை அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் கிளம்பினார். செங்குத்துப் பாறையில் வித்தை காட்டுகிற உடம்பு, படிக்கட்டுக்குப் பழகவில்லை. பாதியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, பால்காவடி எடுத்துவந்த பாட்டி ஒருத்தி, "மொத தடவையா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனாள்.

உச்சியில் அம்மா ஒரு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பேரன்களுக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். தள்ளாடி வந்து சேர்ந்த மகனை ஏற இறங்கப் பார்த்து, "இந்த மலைக்கே இப்படி மூச்சு வாங்குது. நீ எங்கடா பாறை ஏறப்போற? யாரோ உன்னை நல்லா ஏமாத்துறாங்க" என்றார்.