கப்பல் பால்கனி: ஓர் அஸ்தம்பட்டிப் பார்வை

"ஏனுங் மாப்ள, அந்தப் பால்கனி கெழக்க பாத்ததுங்களா?"

என் மாமனார் கேட்ட இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்ததுதான் இவ்வாய்வு. 2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் கிளம்பி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டு வந்த செய்தியைப் பேப்பரில் படித்த நாள்முதல் எங்கள் வீட்டில் கப்பல் பேச்சு ஓய்ந்தபாடில்லை. அப்படி ஒரு பயணம் போயே தீருவது என்று முடிவாகி வெகுநாளாயிற்று. பால்கனி அறை என்பதும் முடிவாயிற்று. எந்தப் பால்கனி என்பதில்தான் சிக்கல்.

மாமனாருக்கு நான் சொன்ன பதில்: "இடது பக்கம் எடுத்தா போறப்ப கிழக்குங்க, வர்றப்ப மேற்குங்க." கப்பல் தெற்கே போய்த் திரும்பி வடக்கே வருகிறது; கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடை கிடையாது. அவர் கொஞ்ச நேரம் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "தலவாசல் தெசை மாறுற எடத்துல மனுசன் படுக்கறதுங்களா?" என்றார். வாஸ்து நூல்கள் மனையை நிற்கும் பொருளாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஈசானிய மூலை மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது என்ன பரிகாரம் என்று அவற்றில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் முதல் முயற்சியாக இதைக் கொள்ளலாம்.

கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். கடல் மட்டம் என்ற சொல்லையே நாங்கள் ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் கீழ்வரியில்தான் படித்திருக்கிறோம். எங்களுக்கு நீர்நிலை என்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரி, மிஞ்சினால் மேட்டூர். தண்ணீரை அடிக்கணக்கில் பேசிப் பழகியவர்கள், 120 அடி வந்தால் நிரம்பியது என்பவர்கள். ஆழமும் அகலமும் இத்தனை என்று சொல்ல முடியாத ஒரு தண்ணீரைப் பார்க்கப் பணம் கட்டும்போது நாலையும் யோசிக்கத்தான் வேண்டும். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் சொல்கிறது. கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் எங்களுக்கும் அது வந்துவிட்டது.

பட்டியலில் நான்கு சாதி உண்டு. உள்ளறைக்குச் சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. (அஸ்தம்பட்டிக்காரர்களுக்குச் சன்னல் குறைந்த அறை என்றதும் நினைவுக்கு வரும் பெரிய மதில்சுவர்ச் சிறைக் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது.) அடுத்தது கடல் தெரியும் அறை: கண்ணாடி உண்டு, திறக்காது. மூன்றாவது நம் ஆய்வுப்பொருள். நான்காவது சூட் என்னும் பெரிய அறை; அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை, வசதியும் இல்லை. இவை போக, எந்த அறை என்று சொல்லாமல் வகையை மட்டும் உறுதி செய்து, எண்ணைக் கம்பெனியே பார்த்துப் போடும் மலிவு டிக்கெட்டும் உண்டு. 'பாத்துப் போட்டுக் குடுங்க' என்று சந்தையில் சொல்லி வாங்கிய கத்திரிக்காயில் பாதி சொத்தையாகப் போன அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

இனி வரலாறு. 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கில் இரண்டே இரண்டு ஆடம்பர அறைத்தொகுதிகளுக்குத்தான் சொந்தமாக உலாவும் தளம் இருந்தது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சொந்தப் பால்கனி என்பது அபூர்வம். 1984-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' உள்ளறை என்ற சாதியையே ஒழித்து, எல்லா அறைகளையும் வெளிப்பக்கம் வைத்தது. பலவற்றுக்குப் பால்கனியும் கொடுத்தது. பிறகுதான் கப்பல்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் போலக் காட்சி தர ஆரம்பித்தன. நம் 'எம்பிரஸ்' 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. மோகம் முழுதாகப் பிடிக்குமுன் பிறந்த உடம்பு. ஆகவே அதில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான்.

ஐரோப்பிய வரலாறு இதோடு போதும். நம்முடைய கப்பல் வேறு. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய 'ரஜூலா', சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதில் அறை எடுத்துப் போனவர்கள் மிகச் சிலர். தொடக்க காலத்தில் ஐயாயிரம் பேர் அளவுக்குத் தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயும் தகரப்பெட்டியும்தான் அவர்கள் எல்லை. சேலம் ஜில்லாவிலிருந்து மலேயா தோட்டங்களுக்குக் கூலியாட்களாகச் சேர்ந்தவர்கள் இப்படித்தான் போனார்கள். காற்றும் நிலாவும் கடலும் அவர்களுக்கு இலவசம். மழையும் வாந்தியும் சேர்த்து. பணம் உள்ளவன் கொடுத்த கூடுதல் காசு, கடலிலிருந்து தன்னை மறைத்துக்கொள்ள ஒரு சுவருக்காக.

நூறு வருஷத்தில் கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்று சுவருக்குள் படுப்பவனுக்குக் குறைந்த கட்டணம், வெளிக்காற்றில் நாற்காலி போடுபவனுக்குக் கூடுதல் கட்டணம். இதேதான் திண்ணைக்கும் நடந்தது. வழிப்போக்கன் காசில்லாமல் தலைசாய்த்த இடம் அது. இப்போது 'திண்ணை வைத்த வீடு' என்று விளம்பரம் செய்து சதுர அடிக்கு விலை சொல்கிறார்கள். கப்பல் பால்கனி என்பது கம்பி போட்ட திண்ணை. நாற்பது, ஐம்பது சதுர அடி, இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேசை. ஒரே வித்தியாசம், இந்தத் திண்ணையில் போகிற வருகிறவரிடம் "எங்கீங்க போறீங்க?" என்று கேட்க முடியாது.

கப்பல் ஆடும் விதத்தைச் சொல்லாமல் அறையைத் தேர்வது கூடாது. கப்பல் முன்னும் பின்னும் ஏற்றம் போல ஆடும். பக்கவாட்டில் தொட்டில் போலவும் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க நவீனக் கப்பல்களுக்கு நீருக்கடியில் மீனுக்கு உள்ளதுபோல இரண்டு துடுப்புகள் உண்டு. முன்பின் ஆட்டத்துக்கு அவை பெரிதாக உதவா. மீனவர் மொழியில் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அணியத்திலும் அமரத்திலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. உயரே போகப்போக அதிகம், நீர்மட்டத்தை ஒட்டிக் குறைவு. ஏற்காடு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒளிந்திருக்கும் அநியாயத்தைக் கவனிக்கவும். பால்கனி அறைகள் மேல் தளங்களில்தான் இருக்கும். அலை அடிக்கும் உயரத்தில் யாரும் பால்கனி வைக்கமாட்டார்கள். ஆக, கூடுதல் பணம் கட்டுபவர் கூடுதல் ஆட்டத்தையும் சேர்த்து வாங்குகிறார். வயிறு மட்டும் வாக்களிக்குமானால் கீழ்த்தளத்து நடு உள்ளறைதான் வெல்லும். என் மனைவிக்கு ஏற்காட்டுப் பாதையில் இருபதாவது கொண்டை ஊசி வளைவுவரை எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்க முடியாது. ஆனாலும் பால்கனிதான் வேண்டும் என்கிறாள். "தலை சுத்துனா வெளிய காத்துல உக்காந்துக்கறேனுங்க" என்பது அவள் தரப்பு. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் தணியும் என்பது மருத்துவர்களும் ஒப்புக்கொண்டதுதான். நோயையும் மருந்தையும் ஒரே இடத்தில் விற்கும் ஏற்பாடு.

தொடுவானம் என்றதும் ஒரு கணக்கு. கண் இருக்கும் உயரம் எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கடலுக்கு மேல் 20 மீட்டர் உயரத்தில் பால்கனி இருந்தால், தெரிவது 16 கிலோமீட்டர். சேலம் சமவெளிக்கு 1,200 மீட்டருக்கும் மேலே நிற்கிற ஏற்காடு லேடீஸ் சீட்டுக்குக் கணக்குப்படி 120 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, மூட்டமும் குறுக்கே மலையும் இல்லாவிட்டால். நுழைய ஆகும் செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு பொட்டலம் கடலையும். எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனிக்குக் கணக்கு 11 கிலோமீட்டர் தருகிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி பத்தடியில் நிறுத்திவிடுகிறது. இந்தப் பட்டியலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அப்ப ஏற்காட்டுக்கே போயிட்டு வந்துருங்க, நாங்க கப்பல்ல போறோம்" என்றாள் மகள்.

இப்போது பக்கம். ஆங்கிலத்தில் 'போஷ்' என்றொரு சொல் உண்டு. பகட்டான என்று பொருள். இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த துரைமார் வெயில் படாமலிருக்க, வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் அறை எடுத்தார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து 'போஷ்' ஆயிற்றாம். அகராதிக்காரர்கள் இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார்கள். கதை பொய்யானாலும் சோழமண்டலக் கரைக்குச் சூத்திரம் அச்சாகப் பொருந்துகிறது: சென்னையிலிருந்து தெற்கே போகையில் இடப்பக்கம் திறந்த கடல், காலை உதயம், திரும்புகையில் அதே காட்சி வலப்பக்கத்துக்கு மாறும். துரை இரண்டு தடவை டிக்கெட் எடுத்தார். நமக்கு ஒரே அறை. பல கப்பல்களில் இரட்டைப்படை எண் இடப்பக்கம், ஒற்றைப்படை வலப்பக்கம். எல்லாக் கப்பலிலும் அல்ல, தள வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கரைப்பக்கத்துக்கும் ஆதரவாளர் உண்டு. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துச் சென்னையிலிருந்து இதே கப்பல் புறப்பட்டது. அந்த மாதம் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், விசாகப்பட்டினம் போய்விட்டுத் தெற்கே வந்தபோது அங்கே ஆளை இறக்காமலே திரும்பியது. ஊருக்குள் விடாத கப்பலில் வலப்பக்கத்துக்காரனுக்குக் கரையையாவது பார்த்த கணக்கு. இடப்பக்கத்துக்காரனுக்கு வங்காள விரிகுடாவைத் தவிர ஏதுமில்லை.

ஏற்காட்டு மலைப்பாதை இந்தச் சண்டையை என்றோ தீர்த்துவிட்டது. இருபது வளைவு; ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு பக்கம் மாறும். இடது சன்னல்காரருக்கு ஒரு தடவை, வலது சன்னல்காரருக்கு ஒரு தடவை. வழியெல்லாம் சண்டை போட்டுச் சீட்டுப் பிடித்தவர் முட்டாள் என்பது மூன்றாவது வளைவில் தெரிந்துவிடும். இலங்கைக் கப்பலுக்கு ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு. அதனால்தான் இத்தனை ஆராய்ச்சி.

மற்றவை சுருக்கமாக. மேலேயும் கீழேயும் படுக்கையறைகளே இருக்கும் தளம் நல்லது. நீச்சல்குளத்துக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ அடியில் என்றால் விடியலில் நாற்காலி இழுக்கும் சத்தம் சுப்ரபாதம். உயிர்காப்புப் படகு எதிரே தொங்கும் அறை மலிவாகக் கிடைக்கும்; கடலுக்குப் பதிலாகப் படகின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு போகலாம். லிஃப்டுக்கு ஒட்டிய அறையும் வேண்டாம்.

துணி காயப்போடலாமா என்பது என் அம்மாவின் கேள்வி. அஸ்தம்பட்டியில் பால்கனி என்றால் கொடி, வாஷிங் மெஷின், துளசித்தொட்டி, பழைய சைக்கிள். கப்பலில் கம்பியில் ஈரத்துண்டைப் போடவும் விடமாட்டார்கள். சிகரெட்டுக்கு இன்னும் கண்டிப்பு. 2006 மார்ச் 23 அன்று கரீபியக் கடலில் 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலில் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணை முடிவு செய்தது. தடுப்புகளும் நாற்காலிகளும் எரிந்து வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமாயின, ஒருவர் இறந்தார். பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு விதிகளில் பால்கனிப் பொருட்களுக்கென்று தனி விதி வந்தது அதன் பிறகுதான். இந்த ஒன்றை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பீடி, சிகரெட் பழக்கமுள்ள மச்சான்மார் கவனிக்க.

முடிவு: நடுப்பகுதி, மேலும் கீழும் படுக்கையறைத் தளம், வலப்பக்கம். உதயத்தை விட்டு அஸ்தமனத்தை எடுத்ததற்குக் காரணம் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் என் மாமனாரைத் தவிர ஏழு மணிக்கு முன் எழுந்த ஆள் கிடையாது. கூடுதல் கட்டணம் கட்டி வாங்கிய உதயத்தின்மேல் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள். மாலை ஐந்தரைக்குக் காபி டம்ளரோடு எல்லோரும் விழித்திருப்போம். தவிர, அஸ்தமனத்திலிருந்து வந்ததுதான் அஸ்தம்பட்டி. இந்தச் சொல்லாராய்ச்சி முழுக்க என் சொந்தச் சரக்கு, கல்வெட்டு கேட்காதீர்கள்.

மாமனார்தான் பாக்கி. அவருக்குப் போகும்போது கிழக்கு வேண்டும். எனவே, எங்களோடு ஒரே கப்பலில் இடப்பக்கப் பால்கனி எடுத்திருக்கும் சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பம் ஏதாவது இருந்தால் ஒரு வேண்டுகோள். முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கதவைத் தட்டுவார். பத்து நிமிஷம் நாற்காலி கொடுங்கள். கப்பலுக்குள் தட்டுவடை செட் கொண்டுவர விடமாட்டார்களாம். ஊர் திரும்பியதும் அஸ்தம்பட்டிக்கு வாருங்கள், காசை நான் கொடுக்கிறேன்.